பீப்பாய் வாசம்

பெயிண்டுக் கடையில் தின்னர் வாசம் அடித்தால் நான் வெளியே வந்துவிடுவேன்.

சுங்கை பினாங்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், ஆற்றோரம், யாரோ லாரியில் கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போன பீப்பாய்களில் அதே வாசம்தான். தங்கச்சி அவற்றின்மேல் உட்கார்ந்து தாளம் போடுவாள். அந்த வருடம் கடலுக்கு அப்பாலிருந்து காட்டுத்தீப் புகை வந்து ஊரை மூடியிருந்ததால், அவள் இருமியபோது யாரும் பீப்பாய்களை நினைக்கவில்லை.

"ஊரே இருமுது. மழை பேஞ்சா சரியாயிடும்லா," என்றார் அம்மா.

மழை பெய்தது. புகை விலகி எதிர்க்கரை தெரிந்தது. தெருவில் எல்லாருக்கும் இருமல் நின்றது, அவளுக்கு நிற்கவில்லை. தலை துவட்டும்போது அம்மா அவள் முடியை முகர்ந்து பார்த்தார்.

"இனிமே அங்க போவாதடி."

அடுத்த முறை புகை வந்தபோது தங்கச்சி இல்லை. பீப்பாய்கள் இருந்தன.