கை மாறாத அணில் பிளேன்

அருளம்பலம் மாஸ்டர் போய்விட்டார் என்ற செய்தியும், கடல் கொந்தளிப்பால் நயினாதீவுக்குப் படகு ஓடவில்லை என்ற செய்தியும் ஒரே தொலைபேசி அழைப்பில் வந்தன. சொன்னவர் அவருடைய மனைவி பூமணி அக்கா. "அவசரப்பட்டு வெளிக்கிடாதையும் டீச்சர், குறிகட்டுவான் துறையில நிண்டுபோட்டுத் திரும்பத்தான் வேணும்" என்றார். நான் கேட்கவில்லை. வேலணையிலிருந்து பஸ் ஏறிப் போய், துறையில் பின்னேரம்வரை நின்று, எதிரே தெரிந்த தீவைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அவருடைய முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் கிடைக்கவில்லை. காற்றின்மேல் பழியைப் போட்டுவிடலாம். ஆனால் அதற்கு முன் இரண்டு மாதம் கடல் குளம்போலக் கிடந்தது. அப்போதும் நான் போகவில்லை.

புங்குடுதீவில் எங்களோடு படிப்பித்தவர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மரவேலை ஆசிரியர், நாள்தோறும் நயினாதீவிலிருந்து படகில் வந்து போனவர். ஆசிரியராவதற்கு முன், இளவயதில், சில வருடம் விமானப்படையில் இருந்தார். பறக்கும் வேலை இல்லை. பயிற்சி விமானங்களின் இறக்கைத் துணி கிழிந்தால் தைத்துப் பூச்சுப் பூசும் வேலை. அதை ஏன் விட்டு வந்தார் என்று யாருக்கும் சொன்னதில்லை. வேலையை விட்டாரே தவிர விமானத்தை விடவில்லை. பூவரசில் உடலும் முள்முருக்கில் இறக்கையுமாக, அதே பயிற்சி விமானத்தை ஆயுள் முழுக்கச் சிறிதாகச் செய்துகொண்டிருந்தார். சிப்மங்க் என்பது அதன் பெயர். "எங்கட அணில் மாதிரி முதுகில கோடு இருக்கிற ஒரு பிராணியின்ர பேர்" என்று அவர் விளக்கிய நாளிலிருந்து, ஆசிரியர் அறையில் அது அணில் பிளேன் ஆகிவிட்டது.

நான் கணித ஆசிரியை என்பதால் அளவு சுருக்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஒரு அடிக்கு அரை அங்குலம் என்பது அவருடைய விதி. உண்மையான விமானத்தின் அளவுகள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். இறக்கை நுனிக்கு நுனி முப்பத்துநான்கு அடி, நான்கு அங்குலம் என்றார். பதினேழு அங்குலமும் ஆறில் ஒன்றும் என்று எழுதிக் கொடுத்தேன். துண்டைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்த ஆறில ஒண்டை எந்த வாளால வெட்டுறது டீச்சர்? அதை நீரே வைச்சுக்கொள்ளும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கணக்கெண்டா கணக்குத்தான் மாஸ்டர். பிடிக்காட்டி இனி என்னட்டை வராதையுங்கோ" என்றேன். இரண்டு நாள் கழித்து, வெட்டி இழைத்த இறக்கை ஒன்றை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அடிமட்டத்தை எடுத்து அளந்தேன். அந்த ஆறில் ஒன்றும் இருந்தது.

அணில் பிளேனில் இரண்டு இருக்கைகள், ஒன்றன்பின் ஒன்றாக. முன்னால் பழகுபவர், பின்னால் பழக்குபவர். விமானத்தைத் திருப்ப ஆளுக்கொரு பிடி. ஒன்றை அசைத்தால் மற்றதும் அசையும். மாஸ்டரின் மர விமானத்திலும் அப்படியே. தீக்குச்சியளவு இரண்டு பிடிகளை உடலுக்குள்ளே நூலோட்டி இணைத்திருப்பார். யார் பார்க்கப்போகிறார்கள், இந்தப் பாடு எதற்கு என்று கேட்டால், "ரெண்டும் அசையாட்டி அது பழகிற பிளேன் இல்லை, விளையாட்டுச் சாமான்" என்பார்.

பின்னால் இருப்பவர் விமானத்தை ஒப்படைக்கும்போது "இப்ப உம்மட கையில" என்று சொல்லவேண்டுமாம். முன்னால் இருப்பவர் "ஓம், என்ர கையில" என்று பதில் சொல்லவேண்டும். பதில் வரும்வரை முதலாமவர் பிடியை விடக்கூடாது. இந்த வழக்கத்தை அவர் எங்கள் பள்ளிக்கும் கொண்டுவந்துவிட்டார். ஏணி, உளி, மரவேலை அறைப் பூட்டின் திறப்பு, ஏன், ஒரு கோப்பை தேத்தண்ணிகூடப் பதில் சொல்லாமல் அவரிடமிருந்து வாங்க முடியாது. புதிதாக வந்த அதிபர் திறப்புக் கோர்வையை வாங்கக் கை நீட்ட, இவர் விடாமல் பிடித்துக்கொண்டு நிற்க, இருவரும் வாசலில் இழுபறிப்பட்டது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கடைசியில் அதிபரும் சொல்லித்தான் வாங்கினார்.

இது என்ன பிடிவாதம் என்று ஒருநாள் நேரே கேட்டுவிட்டேன். "ஒருக்கா ஒரு அதிகாரி என்னை முன் சீற்றில ஏத்திக்கொண்டு போனவர்" என்றார். "திருகோணமலைக் கடலுக்கு மேல வைச்சு, இப்ப உன்ர கையில எண்டார். பயத்தில எனக்கு நா எழும்பேல்லை. நான் பதில் சொல்லேல்லை, அவர் தரேல்லை. கொண்டுவந்து இறக்கிவிட்டுட்டார். அவ்வளவுதான் டீச்சர் என்ர பிளேன் ஓட்டம்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அன்று வழக்கமான நேரத்துக்கு முன்பே துறைக்குப் போய்விட்டார்.

பிறகு எங்கள் வானத்துக்கு வேறு விமானங்கள் வந்தன. எங்கள் வீட்டுக் கிணற்றடியில் குண்டு விழுந்து என் தம்பி இறந்தான். தீவை விட்டு எல்லோரும் ஓடியபோது, வழியில் யாராவது சோதித்தால் என்ன கதை சொல்வது என்று பயந்து, மாஸ்டர் தான் செய்தவற்றையெல்லாம் தானே உடைத்து அடுப்பில் வைத்தார். "மூண்டு நேரச் சமையலுக்குக் காணுமாயிருந்தது" என்று பின்னர் பகிடியாகச் சொன்னார். ஊர் திரும்பியதும் மறுபடி ஒரு பூவரசந் துண்டை எடுத்து அதே விமானத்தைத் தொடங்கினார். சிலர் முகம் சுளித்தார்கள். நானும் சுளித்தேன். அளவு கேட்டு அவரும் என்னிடம் வரவில்லை.

நான் ஓய்வுபெற்றபோது பள்ளியில் சிறு பிரியாவிடை வைத்தார்கள். எனக்கு முன்பே ஓய்வுபெற்றுவிட்ட மாஸ்டர், வேட்டி சால்வையோடு கடல் தாண்டி வந்திருந்தார். எல்லோருக்கும் முன்னால், கையிலிருந்த பொதியின் துணியை விலக்கி என்னிடம் நீட்டினார். வெள்ளி நிறத்தில், இறக்கையில் மஞ்சள் பட்டியோடு, அணில் பிளேன்.

"இப்ப உம்மட கையில, டீச்சர்."

நான் கை நீட்டவில்லை. "இதில பழகினவங்கள்தானே மாஸ்டர் பிறகு குண்டு போடுற பிளேனில ஏறி வந்தவங்கள்?" என்றேன். "என்ர வீட்டுக்குள்ள இது வேண்டாம்."

நீட்டிய கை கொஞ்ச நேரம் நீட்டியபடியே இருந்தது. பிறகு துணியைத் திரும்பச் சுற்றினார். "நான் குறை நினைக்கேல்லை. நானும் ஒருக்காப் பதில் சொல்லாமல் இருந்தனான்" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். என் பக்கத்துக் கதிரையில் இருந்து வடை சாப்பிட்டுவிட்டுத்தான் படகுக்குப் போனார்.

நான் சொன்னது பிழையென்று இன்றும் நினைக்கவில்லை. சொன்ன இடம் பிழை, சொன்ன ஆள் பிழை. தம்பியைக் கொன்றவர்களிடம் காட்ட முடியாத கோபத்தை, கிழிந்த துணியைத் தைத்த மனிதரிடம் காட்டினேன். இதை அவரிடம் சொல்லிவிடவேண்டும் என்று எட்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் ஊர்ப் புதினமெல்லாம் பேசினோம். இதைப் பேசவில்லை.

இந்த வருடம் ஒருநாள் அவரே அதற்கு வழி செய்து தந்தார். "டீச்சர், ஒரு பிளேனில நூல் அறுந்துபோச்சு. கை நடுங்குது, ஊசிக்கண்ணும் தெரியேல்லை. ஒருக்கா வந்து கோத்துத் தாருமன்" என்றார். எந்த விமானம் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இருவருக்கும் தெரியும். "அடுத்த கிழமை வாறன் மாஸ்டர்" என்றேன். அடுத்த கிழமை வெயில் என்றேன். அதற்கடுத்த முறை முழங்கால் நோ என்றேன். வெயிலும் இல்லை, நோவும் இல்லை, எனக்கு வெட்கம். "ஆறுதலாய் வாரும்" என்றவர், அதன்பிறகு கேட்கவில்லை.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்குக் கடல் அமைதியாக இருந்தது. சாப்பாடு முடிந்து சனம் கலைந்தபின், பூமணி அக்கா அலுமாரியைத் திறந்து அதே துணிப் பொதியை எடுத்து வந்தார். "கனடாவில இருந்து வந்தவையும் எத்தினையோ பேர் இதைக் கேட்டவை. குடுக்கேல்லை. அது டீச்சரின்ர, ஆனா இன்னும் என்ர கையிலதான் கிடக்கு எண்டு சொல்லுவார்" என்றார். பிறகு இரண்டு கைகளாலும் அதை என்னிடம் நீட்டினார்.

"இப்ப உம்மட கையில."

நான் பிடித்துக்கொண்டேன். அவர் விடவில்லை. அந்த வழக்கத்தோடு ஆயுள் முழுக்கக் குடித்தனம் நடத்தியவர் எப்படி விடுவார்? எனக்கும் நா எழவில்லை. மாஸ்டருக்குக் கடலுக்கு மேலே எப்படி இருந்திருக்கும் என்று அப்போது தெரிந்தது. "ஓம் அக்கா" என்றேன், "என்ர கையில." அதைக் கேட்கவேண்டியவர் கேட்பதற்கு இல்லை. அக்கா கையை எடுத்தார்.

அவரிடமிருந்து எனக்கு எஞ்சியது இந்த ஒரு விமானமும், பதில் வரும்வரை பிடியை விடாத அந்தப் பொறுமையும். விமானம் என் மேசையில் இருக்கிறது. தம்பியின் படத்துக்கு நேரே வைக்க இன்னும் மனம் வரவில்லை. அதை மாஸ்டர் விளங்கிக்கொள்வார். வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள் காலையில், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அறுந்த நூலை எடுத்துவிட்டுப் புது நூல் கோத்தேன். முன் பிடியை அசைத்தேன். பின் பிடியும் அசைந்தது. மணிக்கூட்டைப் பார்த்தேன். இரண்டு மாதமாக நான் தள்ளிப்போட்ட வேலைக்குப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.