அப்பாவின் லைட் மீட்டர்

அலமாரியை ஒழுங்கு செய்தபோது பழைய தோலுறையின் வாடை வந்ததும் எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. உள்ளே அப்பாவின் லைட் மீட்டர். வெளிச்சத்தை அளக்கும் அந்தக் கையடக்கக் கருவி இல்லாமல் அவர் கேமராவைத் தொடமாட்டார். எண்பதுகளில், சர்ச் முடிந்த ஞாயிறுகளில், பீர்க்கன்கரணை ஏரிக்கரையின் வேலிகாத்தான் புதர்களுக்கு முன்னால் அம்மா, அக்கா, நான் மூவரும் கண்கூச நிற்போம். அவர் எங்கள் கன்னத்தருகே மீட்டரை நீட்டி, முள் நின்ற எண்ணைப் பார்த்து, அதற்கேற்பக் கேமராவைத் திருகுவதற்குள் மேகம் வந்து மூடும், மறுபடியும் முதலிலிருந்து அளப்பார், எங்கள் சிரிப்பெல்லாம் காய்ந்து போயிருக்கும்.

அக்கா நர்ஸ் வேலைக்காக டெல்லி கிளம்பிய அன்றும் அப்படித்தான். மூன்றாம் முறையாக மீட்டரை நீட்டியபோது அவள் வெடித்துவிட்டாள்.

“முள்ளையே பாத்துட்டு இருக்கீங்களே, என் மூஞ்சியப் பாருங்கப்பா! ட்ரெயினுக்கு நேரமாச்சு.”

அப்பா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“வெளிச்சம் பத்தலம்மா,” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேமராவை மூடிவிட்டார். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

படம் எடுக்காமலே தாம்பரத்துக்குப் பஸ் ஏறினோம். ஒரே ஒரு படம் எடுத்திருக்கலாமே என்ற கோபம், அந்தக் கரை முழுக்க வீடுகளாகிவிட்ட பிறகும் எனக்குத் தீரவில்லை.