சத்துணவுச் சட்டை

புதுத் துணிக்குப் போட்ட கஞ்சியின் நெடியும் சாக்கு மூட்டைக்குள் நெடுநாள் கிடந்த புழுக்கமும் கலந்து ஒரு வாசனை வரும். எங்கள் அரசுப் பள்ளியில் இலவசச் சீருடை பிரிக்கிற நாளில் அந்த வாசனை வகுப்பு முழுவதும் பரவும்போது எனக்கு வயிறு எரியும். அத்திப்பட்டில், எஸ்டேட் என்று நாங்கள் சொல்லும் தொழிற்பேட்டைக்குப் பின்புறம் இருந்தது அந்தப் பள்ளி. மதியம் சத்துணவு சாப்பிடுகிற பிள்ளைகளுக்குத்தான் சீருடை என்பது அன்றைய விதி. நானோ வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூட வாசலை மிதித்தவன். அப்பா எஸ்டேட் கம்பெனி ஒன்றில் லேத் மெஷின் ஓட்டும் 'பர்மனென்ட்' ஆள். இரண்டு பெருமையையும் சேர்த்து அம்மா டிபன் பாக்ஸில் அடைத்து அனுப்பிவிடுவாள்.

"கம்பெனிக்காரர் புள்ள தட்டத் தூக்கினு வரிசையில நிக்கறதா? நம்ம ஊட்ல சோறு இல்லியா இன்னா?" என்பாள்.

ஆகவே பக்கத்து வீட்டுச் செல்வத்துக்கு வெள்ளைச் சட்டையும் காக்கிக் கால்சட்டையும் கிடைத்தன, எனக்கு இல்லை. ஆளை அளக்காமல் தைத்த அந்தக் கால்சட்டையை அவன் அரைஞாண் கயிற்றுக்குள் செருகிக்கொண்டு அலைவான். எனக்கு அதுவே ராஜா உடுப்பாகத் தெரியும். என் பழைய கால்சட்டையில் பின்பக்கம் தேய்ந்து இரண்டு ஓட்டை. அதற்கு எங்கள் வகுப்பில் 'போஸ்ட் பாக்ஸ்' என்று பெயர்.

"இன்னா மாமே, லெட்டர் போட்லாமா?" என்று செல்வம் விரலை நீட்டுவான். வாத்தியார் கரும்பலகைக்குக் கூப்பிட்டால், விடை தெரிந்தாலும் நான் எழுந்திருக்க மாட்டேன்.

செல்வத்தின் சட்டையில் மை கொட்ட வேண்டும் என்று சாமியிடம் நான் வேண்டிக்கொண்டிருந்த ஆண்டில்தான் அப்பாவின் கம்பெனியில் 'லாக் அவுட்' வந்தது. கேட்டில் பூட்டுத் தொங்கத் தொடங்கிச் சில வாரங்கள் போன பிறகு, ஒரு காலையில் அம்மா டிபன் பாக்ஸுக்குப் பதிலாக அலுமினியத் தட்டை என் பைக்குள் வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"சாப்ட்டு வா நைனா" என்றாள்.

வரிசையில் செல்வம் தனக்கு முன்னால் இடம் விட்டான். "வா மச்சான், இன்னிக்கி முட்ட போடறாங்கோ."

அடுத்த முறை சீருடை மூட்டை பிரித்தபோது என் பெயரையும் கூப்பிட்டார்கள். முழங்காலுக்குக் கீழே தொங்கிய கால்சட்டையைக் கயிற்றுக்குள் செருகிக்கொண்டு, அன்று கரும்பலகைக்கு முதல் ஆளாக ஓடினேன். மதியம் தட்டோடு உட்கார்ந்தபோது, எதிரே மரத்தடியில் ஒரு பையன் டிபன் பாக்ஸைத் திறந்தான். தாளித்த எலுமிச்சைச் சோற்றின் வாசனை. என் சோறு ஆறுவது தெரியாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப அது வோணுமா ஒனக்கு?" என்று செல்வம் சிரித்தான்.

அப்பாவின் கம்பெனி இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். பள்ளிச் சீருடையில் காக்கி நிறத்தையும் மாற்றிவிட்டார்கள். கால்சட்டையை அரைஞாண் கயிற்றுக்குள் செருகுகிற பிள்ளைகளையும் காணோம். நான் வேலை பார்க்கும் ஆபீஸில் மதியம் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து டப்பாவைத் திறப்போம். அம்மாதான் இன்றும் எனக்குக் கட்டிக்கொடுக்கிறாள். ஆனாலும், மூடியைத் திறந்ததும் என் கண் முதலில் போவது பக்கத்து ஆள் டப்பாவுக்குத்தான்.