ஷேர் ஆட்டோவில் ஓர் இடம்

2024 ஜூலை 24, புதன்கிழமை, காலை ஒன்பது இருபது. ஆடிக் காற்று, மழை இல்லை. அன்னவாசல் பக்கத்து நடுநிலைப்பள்ளியில், நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள் பார்க்க, எட்டாம் வகுப்புப் பெண்ணை ஆறாம் வகுப்புப் பெண்ணின் காலில் விழ வைத்தேன்.

நான் ஓய்வுபெற்ற கணக்கர், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருப்பவன். பெரியவள் தினமும் ஷேர் ஆட்டோவில் சின்னவளைப் பைக்குவியலின் மேல் உட்கார வைத்து, 'மூட்டை' என்று கூப்பிட்டு வந்தாள். இருவரிடமும் தனித்தனியாகப் பேசலாம் என்றார் தலைமையாசிரியை.

"அதுக்கெல்லாம் நாளாகும் டீச்சர். ஊர்க்கூட்டத்துல கால்ல விழுந்தா அத்தோட முடிஞ்சுது" என்றேன்.

ஊர்க்கூட்டம் கலைந்தால் பெரியவர்கள் அவரவர் வேலைக்குப் போய்விடலாம். இவளோ மறுநாளும் அதே பிள்ளைகளோடு உட்கார வேண்டும். எனக்கு அது தோன்றவே இல்லை.

"ஏய், என் கால்லயும் விழு" என்று பையன்கள் ஆரம்பித்தார்கள். அவள் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

பதினோராம் நாள் அவள் வீட்டுக்குப் போனேன். உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். "ஒரு தப்புக்கு ஒருக்கா விழுந்தாச்சுங்க. டெய்லி விழச் சொன்னா எப்புடிங்க? ஆட்டோவையும் நிறுத்திட்டேன். வீட்டோட கெடக்கட்டும்" என்றார் அவள் அம்மா.

திரும்பும் வழியில் சின்னவளைப் பார்த்தேன். முகத்தைச் சுளித்தாள். "நான் சீட்டுதான கேட்டேன் தாத்தா? அக்காவ யாரு விழச் சொன்னா?"

திங்கட்கிழமை வழிபாட்டுக் கூட்டத்தில், தப்பு என்னுடையது என்றேன். "அப்ப நீங்க விழுகலையா தாத்தா?" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். அதன்பின் தலைமையாசிரியை அந்தப் பையன்களையும் ஆட்டோப் பிள்ளைகளையும் வெள்ளிக்கிழமைதோறும் உட்கார வைத்துப் பேசினார். மெல்லத்தான் கேலி குறைந்தது. ஆட்டோக் கட்டணத்தை நான் கட்டுவதாகக் கெஞ்சிய பிறகு அம்மா பெண்ணை அனுப்பினார்.

முதல் நாள், சீட்டு காலியாக இருந்தும் பெரியவள் தானாகவே பைகளின் மேல் உட்கார்ந்தாள் என்று ஆட்டோக்காரர் சொன்னார். அன்று இரவு நான் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், "இங்கிட்டு வாக்கா, மூட்ட மாதிரி உக்காந்துக்கிட்டு" என்று சின்னவள் கையைப் பிடித்து இழுத்தாளாம். பெரியவள் சிரித்துவிட்டாளாம்.

என்னைக் கண்டால் அவள் இன்றும் தலையைக் குனிந்துகொள்கிறாள். ஆகஸ்ட் முதல் ஏப்ரல் வரை, மாதம் அறுநூறு வீதம், ஆட்டோவுக்கு நான் கட்டியது ஐயாயிரத்து நானூறு ரூபாய்.