மஞ்சு இறங்காத மாலை

கொடைக்கானல் பஜாரில் எங்களுக்கு ஒரு கம்பளிக் கடை இருந்தது. ஐம்பதுகளின் நடுவில் ஒருநாள் உயரமான வெள்ளைக்காரர் ஒருவர் வந்து கையுறை கேட்டார். எடுத்துக் கொடுத்ததை மாட்டிக்கொண்டு, மேஜைமேல் கிடந்த கம்பளி நூல் உருண்டையை மேலே எறிந்து பிடித்துப் பார்த்தார். குளிருக்குக் கையுறை வாங்குகிறவர்கள் அப்படிச் செய்வதில்லை.

"கிரிக்கெட்டா சார்?" என்று கேட்டேன்.

முகத்தைச் சுளித்தார். "ஃபுட்பால். கோல்கீப்பர்."

எனக்கு அப்போது இருபத்தைந்து வயது இருக்கும். பஜார் அணியில், கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிற பேக் ஆடிக்கொண்டிருந்தேன். எங்கள் கோல்கீப்பர் தேயிலைத் தோட்ட வேலை கிடைத்து வால்பாறைக்குப் போயிருந்தான். கேட்டால் என்ன குடியா முழுகிவிடும் என்று அன்றைக்கே கேட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து நின்றார்.

அவரை இங்கிலீஷ்காரர் என்று சொன்னால் கோபம் பொத்துக்கொண்டு வரும். அயர்லாந்துக்காரர். கடலோர ஊர், அப்பா கப்பலில் மூட்டை இறக்கியவர். பதினேழு வயதில் கப்பலேறி இங்கிலாந்து போய்ச் சம்பளத்துக்கு ஆடியிருக்கிறார். பெரிய அணியில் இடம் பிடித்த நேரத்தில் யுத்தம் வந்து, ஆட வேண்டிய நல்ல வருஷங்களையெல்லாம் தின்றுவிட்டது. யுத்தம் முடிந்தபின் ஒரே ஒருமுறை சொந்த நாட்டுக்காகக் களத்தில் நின்றார். அந்த ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால், மழை பெய்தது என்று மட்டும் சொல்வார். பிறகு ஒரு மேட்சில், பந்தை அணைத்துக்கொண்டு தரையில் கிடந்தவரின் முகத்தில் எதிரணிக்காரனின் பூட்ஸ் பட்டது. இடது கண் போயிற்று. அணி அவரை விட்டுவிட்டது. கொடைக்கானல் கான்வென்ட்டில் கன்னியாஸ்திரியாக இருந்த அக்காவைப் பார்க்க வந்தவர், ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராகி இங்கேயே தங்கிவிட்டார்.

ஆட்டம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது ஒருநாள் சொன்னார்: "அந்த ரெண்டு போஸ்டுக்கு நடுவுல நிக்கிற வரைக்கும் நான் ஃபுட்பால்காரன். வெளிய வந்துட்டா, ஒரு சிஸ்டரோட தம்பி. அவ்வளவுதான்." அவர் தமிழ் எங்கள் கடைத்தெருவில் கற்றது. அதனால் அதில் மழுப்பல் கிடையாது.

எங்கள் மைதானத்தில் மஞ்சு ஒரு தொல்லை. மூடுபனியைத்தான் மஞ்சு என்போம். நல்ல வெயிலில் ஆடிக்கொண்டிருக்கும்போதே பள்ளத்திலிருந்து ஏறி வந்து மைதானத்தில் இறங்கி மூடிக்கொள்ளும். அதற்காக ஆட்டத்தை நிறுத்துகிற வழக்கம் எங்களிடம் இல்லை. நிறுத்தினால் வருஷத்தில் பாதி ஆட்டம் நடக்காது. பேக் ஆடுகிறவன் கோல்கீப்பருக்குச் சத்தம் கொடுக்க வேண்டும். "வலது, தரையோட!" "இடது, உசரம்!" பந்து கண்ணில் படுவதற்கு முன்னால் காதில் விழுந்துவிடும். ஒருமுறை வட்டக்கானல் பையன்கள் மஞ்சுக்குள் என் குரலைப்போலவே பொய்யாகக் கூவிக் கோல் போட்டார்கள். அவர் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடு மைதானத்துக்கே வந்துவிட்டார். "கால்ல ஏமாத்து, கொரல்ல ஏமாத்தாதே" என்றார். அன்றிலிருந்து எங்கள் மலையில் அது சட்டமாகிவிட்டது.

இரண்டு வருஷம் போயிருக்கும். வெயில் பளிச்சென்று அடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மெதுவாக உருண்டு வந்த பந்து ஒன்று அவர் காலோரமாகவே கோலுக்குள் போனது. குழந்தைகூடப் பிடித்திருக்கும். எல்லோரும் சிரித்தார்கள். நான் அவரைத்தான் பார்த்தேன். பந்து உள்ளே போய் நின்ற பிறகும் அவர் முன்பக்கம் பார்த்துக் காத்துக்கொண்டிருந்தார். இருந்த ஒரு கண்ணும் போய்க்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் வெயிலிலேயே சத்தம் கொடுக்க ஆரம்பித்தேன்.

எங்கள் கேப்டன் பள்ளங்கி கிராமத்துக்காரர், உருளைக்கிழங்கு வியாபாரி. "ஏன் பாய், வெயிலு இப்படிக் காயுது, மஞ்சுச் சத்தம் போடுறீங்க? தொண்டைக்குச் சோலி இல்லையா?" என்று கேட்டார்.

"பழகிப்போச்சு அண்ணே" என்றேன்.

பந்துகள் மறுபடி அவர் கைக்குள் போய் உட்கார்ந்தன. ஆட்டம் முடிந்ததும் அவர் ஈரக் கையுறையோடு என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். மற்றவர்களுக்கு அது என் பழக்கம், அவ்வளவுதான். இப்படியே ஒரு வருஷத்துக்குமேல் ஓட்டினோம்.

வருஷத்துக்கு ஒருமுறை பழனி அணி வத்தலக்குண்டு சுற்றி பஸ்ஸில் வரும். பஞ்சாமிர்தக் கடைக்காரர்கள், விபூதி வியாபாரிகள். அவர்களோடு தோற்றால் அடுத்த வருஷம் வரைக்கும் பஜாரில் தலைகாட்ட முடியாது. அன்றைக்கு வானத்தில் பெயருக்குக்கூட மேகம் இல்லை. நான் கத்தியதில் தொண்டை கட்டிப்போனது. ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று நின்றபோது, எங்கள் ஆள் ஒருவன் கையில் பந்து பட்டுப் பெனால்டி ஆனது.

பழனிக்காரர்கள் என் சத்தத்தைப் பற்றி ஏற்கனவே முறையிட்டிருந்தார்கள். "பெனால்டி அடிக்கயில யாரும் வாயத் தொறக்கக் கூடாது" என்று என்னைப் பார்த்தே சொன்னார் ரெஃப்ரி. நான் கோட்டுக்கு வெளியே போய் நின்றேன். பந்தை வைத்தாயிற்று. அவர் கோலுக்கு நடுவில் கைகளை விரித்து நின்றார். பிறகு கைகளைத் தாழ்த்தினார்.

"பாய்," என்று கூப்பிட்டார். "மஞ்சு எறங்கிருச்சா?"

மைதானமே கேட்டது. பழனிக்காரர்கள் வானத்தைப் பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் கேப்டன் என்னைப் பார்த்தார். அவருக்கு அந்த நிமிஷம்தான் எல்லாம் புரிந்தது. கோலில் நின்றவரின் முகம் வெயிலில் சிவந்துகிடந்தது. மஞ்சாக இருந்துவிடக் கூடாதா என்றுதான் அந்தக் குரல் கேட்டது. ஆமாம் என்று சொல்ல எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் குரலில் ஏமாற்றாதே என்று சொன்ன மனுஷன் அல்லவா கேட்கிறார்.

"இல்லங்க சார்," என்றேன். "வெயிலுதான்."

அவர் தலையை ஆட்டினார். ரெஃப்ரி பக்கம் கையைக் காட்டி, ஊதச் சொன்னார்.

வலப்பக்கம் பாய்ந்தார், சுத்தமான பாய்ச்சல். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் சம்பளம் கொடுத்து வாங்கியது அதைத்தான். பந்து இடப்பக்கம் போனது. பழனிக்காரர்கள் யாரும் கூச்சல் போடவில்லை. அடித்த பஞ்சாமிர்தக் கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி நடந்தார்.

அவர் எழுந்து புல்லைத் தட்டிவிட்டுக்கொண்டார். "எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"இடது சார்."

"நல்ல ஷாட்" என்றார். கையுறைகளைக் கழற்றி, ஒன்றுக்குள் ஒன்று செருகி, கேப்டன் ஓடி வந்த சத்தம் கேட்ட திசையில் நீட்டினார். எனக்கு அழுகை வந்தது. மறைக்கவும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். அவருடைய கன்னியாஸ்திரி அக்கா அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். கோலுக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டு, அந்த அம்மா ஜெபமாலையோடு தள்ளி நின்றார். பூண்டியிலிருந்து பூண்டு மூட்டையோடு வரும் வாலிபன் ஒருவன் அந்தப் பழைய கையுறைகளை மாட்டிக்கொண்டு நின்றான். கழுகுக் கண் அவனுக்கு. நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். "வலது, தரையோட! நடுவுல ஒருத்தன் வர்றான்! இடது, உசரம்!" நாற்காலியில் அவர் தோள்கள் வலதும் இடதுமாக லேசாக அசைந்துகொண்டிருந்தன.

பூண்டிக்காரன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான். "எனக்குத்தான் கண்ணு நல்லாத் தெரியுதே, எதுக்கு பாய் இப்படிக் கத்துறீங்க?" என்றான்.

"ஒனக்கில்லடா" என்றேன்.