செய்யும் முன்பே ‘முடிந்தது’

என் வீட்டுக்காரர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. இந்த வீட்டுக்கான கோபம் மொத்தமும் எனக்குத்தான். மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதும் ஆபீஸில் அவருக்கு வேலை. மேலாளர் கண்ணை உருட்டினால் போதும், மனுஷன் பெட்டிப்பாம்பாக அடங்கிவிடுவார்.

சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர்களுக்குத் தகவல் சொல்லும் ஏற்பாட்டை எழுதியது அவர்தான். முன்பு ஒரு அம்மாள் உட்கார்ந்து ஃபோன் போடுவாராம். அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வேலையைச் சின்னச் சின்ன புரோகிராம்களாகப் பிரித்தார்கள். அவை ஒன்றோடொன்று நேராகப் பேசாது. ‘சிறுநீரகம் வந்திருக்கிறது, இன்னாருக்குப் பொருந்துகிறது’ என்று ஒன்று வரிசையில் செய்தி போடும். இன்னொன்று அதை எடுத்து, அவருக்கு ஃபோன் அடித்துவிட்டு ‘முடிந்தது’ என்று சொல்லும். சொன்ன பிறகுதான் செய்தி வரிசையிலிருந்து அழியும். நடுவில் புரோகிராம் படுத்துக்கொண்டாலும் செய்தி பத்திரமாக இருக்கும். இதை அவர் சாப்பிடும்போது சொல்ல, என் நாத்தனார் வாயைப் பிளந்து கேட்டாள். காத்திருப்பவர்களில் அவளும் ஒருத்தி. குளிக்கப் போனாலும் ஃபோனோடுதான் போவாள்.

வரிசையில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று காட்ட ஆபீஸ் சுவரில் ஒரு பெரிய திரை உண்டு. எண் ஏறினால் மேலாளருக்கு மானம் போய்விடும்.

“எடுத்த உடனே ‘முடிந்தது’ன்னு சொல்லிட வேண்டியதுதானே? வேலை பின்னாடி நடக்கட்டும்” என்றாராம்.

“நடுவுல நின்னுச்சுன்னா செய்தி போயிடும் சார்.”

“எப்பவோ ஒரு தடவை நிக்கும். அப்புறம் பாத்துக்கலாம்.”

இவர் தலையாட்டிவிட்டு வந்து மாற்றி எழுதினார். எண் பூஜ்யமானது. அதற்குக் கேக் வேறு வெட்டினார்கள், வெட்கங்கெட்டவர்கள்.

ஒரு மதியம் புதுப் பதிப்பு ஏற்றுவதற்காக அந்த புரோகிராமை நிறுத்தினார்கள். சற்று முன்புதான் அது ஒரு செய்தியை எடுத்து ‘முடிந்தது’ என்று சொல்லியிருந்தது. ஃபோன் அடிக்கவே இல்லை. அடித்திருக்க வேண்டியது எங்கள் கூடத்தில், என் நாத்தனாரின் மடியில். மருத்துவமனை கெடு முடியும்வரை பார்த்துவிட்டு, சிறுநீரகத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டது.

மறுநாள் டயாலிசிஸுக்குப் போனவளிடம், “ஏம்மா, நேத்து வரல?” என்று நர்ஸ் கேட்டபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. இவர் ஆபீஸுக்கு ஓடிப்போய்த் தேடினார். வரிசையில் ஒன்றும் இல்லை. எப்படி இருக்கும்? நடந்ததை என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். அவளுக்குப் பொருந்துவது அபூர்வம், இன்னொன்று வருமென்று நம்ப வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் அவள் தானாகவே அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“மன்னிச்சிடுண்ணா. நீ எழுதினது தப்பாது. நான்தான் எங்கயோ அசந்துட்டேன்.”

‘சொல்லித் தொலையுங்களேன்’ என்று நான் கண்ணாலேயே கெஞ்சினேன். அவர் வாயைத் திறந்தார்.

“பரவால்ல, விடும்மா” என்று அவளை மன்னித்தார்.