மாடிப்படியில் குளிர்காலம் கழிக்கும் அரளி

வால்ட்ராட் ஐசெலே இளம் வயதிலேயே திருச்சபையிலிருந்து பெயரை நீக்கிக்கொண்டவர். அதற்கென்று அரசு அலுவலகத்தில் ஒரு மேசை உண்டு. காரணம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்றார் மேசைக்காரர். "பரவாயில்ல, கேட்டுக்குங்க. சின்ன வயசுலேர்ந்து கடவுள்கிட்டக் கேட்டுக்கிட்டே இருக்கேன், ஒரு தடவைகூடப் பதில் வரல" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். அதற்குப் பிறகு அவர் நம்பிய பொருள்கள் இரண்டு. ஒன்று, முற்றத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டிய வெப்பமானி. மற்றொன்று, தன் முழங்கால்.

முழங்காலை நம்பக் காரணம் உண்டு. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத் தெருக்களில் பாதி படிக்கட்டுகள். அவற்றில் தபால் பையோடு ஏறி இறங்கியே ஓய்வு பெற்றவர் அவர். ஹெஸ்லாக் பகுதியில் எங்கள் வீட்டின் மூன்றாம் மாடியில் குடியிருந்தார். கணவர் ஓட்டோ இறந்து நெடுநாள் ஆகிறது. அவரைப் பற்றிக் கேட்டால், "நல்ல மனுஷன். ஆனா செடிக்குத் தண்ணி ஊத்தத் தெரியாது" என்பார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லமாட்டார்.

எங்கள் வீட்டில் லிப்ட் கிடையாது. நான்கு மாடி, நடுவில் அகலமான பழைய மாடிப்படி, ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு பெரிய ஜன்னல். அங்கே சூடேற்றும் குழாய் இல்லை. உறையவும் உறையாது, வெதுவெதுப்பாகவும் இருக்காது. மனிதர்களுக்கு உகந்த இடமில்லை. தொட்டிச் செடிகளுக்குக் குளிர்காலத்தில் இதைவிட நல்ல இடம் கிடையாது. கோடை முழுக்க முற்றத்தில் நிற்கும் அரளி, எலுமிச்சை, செம்பருத்தி, ஜெரேனியம் எல்லாம் அக்டோபரில் படியேறும். மே மாதம் இறங்கும். நம் ஊரில் நெடுஞ்சாலை நடுவே லாரிப் புகையில் தானே வளர்கிற அரளியை, இங்கே இரண்டு பேர் சேர்ந்து பிரசவ வார்டிலிருந்து வருகிற தாயைப் போலத் தாங்கிக்கொண்டு ஏறுவார்கள். எனக்கும் அது பழகிவிட்டது. என் கறிவேப்பிலைக்கு இரண்டாம் மாடி ஜன்னல்.

எந்த நாளில் ஏற்றுவது என்பதில் வருடா வருடம் சண்டை. கீழ்த்தள வீட்டு ஹெல்முட் பாய்ர்லே, நகரப் பேருந்துக் கழகத்தில் கணக்கராக இருந்தவர், நாட்காட்டியில் ஒரு புனிதரின் நாளைக் குறித்து வைத்திருப்பார். அவருடைய அப்பாவும் அந்த நாளில்தான் ஏற்றினாராம். போப் ஒருவர் நாட்காட்டியைத் திருத்தியபோது புனிதர்களின் நாள்கள் எல்லாம் பத்து நாள் நகர்ந்துவிட்டன, உறைபனிக்கு யாரும் தகவல் சொல்லவில்லை என்பது ஐசெலேயின் வாதம். இரண்டு இரவு தொடர்ந்து வெப்பமானி ஐந்துக்குக் கீழே இறங்கினால் அடுத்த சனிக்கிழமை ஏற்றுவது என்பது அவர் ஏற்படுத்திய முறை. வீடு அதைத்தான் கேட்டது. அவர் ஒவ்வோர் இலையையும் திருப்பிப் பார்ப்பார். பூச்சி இருந்தால் சோப்புத் தண்ணீரில் குளிப்பாட்டாமல் வாசல்படி தாண்டவிடமாட்டார். எந்தச் செடிக்கு எந்தத் திருப்பம் என்று இடமும் அவர்தான் சொல்வார். வேலை முடிந்ததும் எல்லோருக்கும் அவர் வீட்டில் வெங்காய அடையும் புளிக்கத் தொடங்கிய புது திராட்சை மதுவும்.

அந்த வருடம் நான்காம் மாடிக்கு செனாயித் வந்து சேர்ந்து ஏழெட்டு மாதமாகியிருந்தது. எரித்ரியாக்காரி. முதியோர் இல்லத்தில் வேலை, பிள்ளையைக் காப்பகத்தில் விட்டுவிட்டுப் போக விடியுமுன் கிளம்ப வேண்டும். குழந்தை நாஹோம் வயிற்றைக் கிழித்துத்தான் பிறந்தான். கனம் எதுவும் தூக்கக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதனால் குழந்தை வண்டியைக் கீழே மாடிப்படிக்கு அடியில் நிறுத்திவிட்டு, பிள்ளையை மட்டும் தூக்கிக்கொண்டு ஏறுவாள்.

மாடிப்படிக்கு அடியில் இருந்த அந்த இடம், பதினைந்து குளிர்காலமாக பாய்ர்லேயின் அரளிக்கு உரியது. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனாலும் உரியது. தேனிலவுக்கு இத்தாலிப் பக்கம் போனபோது கொண்டுவந்த குச்சி அது. இப்போது ஆளைவிட உயரம்.

ஏற்றும் சனிக்கிழமை செனாயித் விடியல் வேலை முடிந்து பிள்ளையோடு மேலே தூங்கிக்கொண்டிருந்தாள். வண்டி நின்றது. பாய்ர்லே அதைப் பார்த்தார்.

"இது என்ன, பார்க்கிங்கா?"

"குழந்தை வண்டி," என்றார் ஐசெலே.

"தெரியுது. தீப்பிடிச்சா ஜனங்க எப்படி ஓடுவாங்க?"

"உங்க அரளி அங்கேயே நின்னப்ப எப்படி ஓடுவாங்கன்னு நினைச்சீங்க?"

"அரளி வேற விஷயம்."

பாய்ர்லே வண்டியைத் தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் தள்ளிவிட்டு அரளியை இடத்தில் வைத்தார். திங்கட்கிழமை வீட்டு நிர்வாக அலுவலகத்துக்குத் தொலைபேசினார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் படி கூட்டுவது முறைவைத்து. ஒரு மரப்பலகை வாரத்துக்கு ஒரு வீட்டின் கதவில் தொங்கும். பலகை தொங்கும் வீட்டார் மேலிருந்து கீழ்வரை கூட்டித் துடைக்க வேண்டும். அரளி குளிர்காலத்தில் இலை கொட்டும். முந்தைய குளிர்காலத்தின் கடைசி மாதங்களில் பாய்ர்லேயின் அரளி இலையைத் தன் முறைக்கு ஏழு மாத வயிற்றோடு குனிந்து கூட்டியவள் செனாயித். மூலையில் ஒரு இலை விட்டுப்போனது என்று அவர் கதவைத் தட்டிச் சொன்னதும் நடந்தது. அந்த இலையை விட்டுவிட்டால் நாடு கெட்டுப்போகும் என்று உண்மையாகவே நம்புகிறவர். கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லிவிட்டால் விஷயம் எளிதாகிவிடும்.

அலுவலகத்திலிருந்து ஷ்டாய்ப் என்பவர் வந்தார். கையில் அளவு நாடா. வண்டியை அளந்தார், இடத்தை அளந்தார். படியிறங்கி வந்த ஐசெலே நின்றார். கதவைத் திறந்துவைத்து பாய்ர்லேயும் நின்றார்.

"வண்டி வெள்ளிக்கிழமைக்குள்ள போகணும். இது தப்பிக்கிற வழி," என்றார் ஷ்டாய்ப்.

"சரி. இது?" ஐசெலே அரளியைக் காட்டினார்.

"செடியைப் பத்தி யாரும் புகார் சொல்லலையே."

"நான் சொல்றேன்."

"அம்மா, செடி வைக்கிறது இங்க எல்லா வீட்லயும் வழக்கம்தான். நாங்க பெருசா..."

"தீ புகார் வந்த சாமானைப் பார்த்துதான் பிடிக்குமா?"

ஷ்டாய்ப் நாடாவைச் சுருட்டினார். மறுபடி இழுத்தார். எதையும் அளக்காமல் சுருட்டினார்.

"அதைச் சொன்னா எல்லாத்தையும் எடுக்கச் சொல்லணும்மா. மேல வரைக்கும்."

"மேல வரைக்கும் வாங்க, காட்டறேன். மூணாவது மாடித் திருப்பத்துல பெரிய அரளி ஒண்ணு நிக்குது. அது என்னுது. அதையே முதல்ல சொல்லுங்க."

பாய்ர்லேயின் முகம் சிவந்தது. "ஐசெலே அம்மா, உங்களுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா? உங்க செடியும்தான் போகுது!"

"தெரியும்."

விதி என்றால் எல்லோருக்கும் ஒன்று என்று எல்லா நாட்டிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். அதை யாரிடம் முதலில் எடுத்துப் படிக்கிறார்கள் என்பதைப் பார்த்தால் போதும், அந்த நாட்டைப் பற்றி வேறு புத்தகம் படிக்க வேண்டாம். நான் இதை அன்று சொல்லவில்லை. அன்று நானும் என் கறிவேப்பிலையை எங்கே வைப்பது என்றுதான் யோசித்தேன்.

வெள்ளிக்கிழமை எல்லாம் போயின. வீடு ஐசெலேயோடு பேசுவதை நிறுத்தியது. அவருக்கு அது தெரிய இரண்டு நாள் ஆனது.

தன் ஜெரேனியங்களைப் படுக்கையறையில் அடுக்கினார். சூடேற்றாத அறையில் ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்குகிறவர், ஆகவே செடிகளுக்குக் குறையில்லை. பெரிய அரளி மட்டும் கதவுக்குள் நுழையவில்லை. முற்றத்துச் சுவரோரம் நிறுத்தி, தொட்டிக்குச் சாக்கும் கிளைகளுக்குப் பழைய போர்வையும் சுற்றினார். மற்றவர்கள் தங்கள் செடிகளை வரவேற்பறைக்குள் கொண்டுபோனார்கள். பாய்ர்லேயின் மனைவி குளிர் தாங்காதவர், அங்கே எப்போதும் கோடை. அரளி முதல் வாரம் மகிழ்ந்தது. இரண்டாம் வாரம் இலையின் அடியில் செதில் பூச்சி மொய்த்தது. மரத்தரை முழுக்கப் பாகு கொட்டியது போலப் பிசுபிசுத்தது, பாய்ர்லேயின் காலுறை ஒட்டிக்கொண்டது.

செனாயித்தின் நிலைமை வேறு. வண்டியைக் கீழே விட முடியாது. பிள்ளையை மேலே கொண்டுபோய்க் கட்டிலில் போட்டுவிட்டு, திரும்பி இறங்கி வண்டியைத் தூக்கிவர வேண்டும். அவள் இறங்கி ஏறும் நேரம் முழுக்க நாஹோம் கத்துவான். மாடிப்படி ஒரு கிணறு மாதிரி, குரல் எல்லாக் கதவுக்கும் போகும். கதவுகளுக்குப் பின்னால் தொலைக்காட்சியின் சத்தம் கூடும்.

ஒருநாள் ஐசெலே கதவைத் திறந்து வண்டியின் முன்பக்கத்தைப் பிடித்தார்.

"விடுங்கம்மா, உங்க வயசுக்கு..."

"என் வயசு படியேறாது, முழங்கால்தான் ஏறும். நீங்க பின்னாடி பிடிங்க."

பாதி ஏறியதும் செனாயித் கேட்டாள்: "உங்க செடியை ஏன் காட்டிக் கொடுத்தீங்க? நான் ஒண்ணும் கேக்கலையே."

"உங்களுக்காகச் சொல்லல. எனக்குக் குழந்தைங்களையே அவ்வளவாப் பிடிக்காது."

"அப்புறம்?"

"அந்தாள் கணக்கு தப்பாப் போட்டார். தப்பைத் தப்புன்னு சொன்னேன்."

செனாயித் சிரித்ததில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. "எங்க ஊர்ல அரளியை வீட்டுக்குள்ளயே விடமாட்டாங்க. ஆடு தின்னா செத்துடும்."

"இங்க ஆடு நாலு மாடி ஏறாது. நேராப் பிடிங்க."

மறுநாளிலிருந்து மாலையில் ஐசெலேயின் கதவு திறந்தே இருந்தது. ஆனால் காலையில் யார் பிடிப்பது? முதியோர் இல்லத்துக்கு இரண்டு முறை தாமதமாகப் போனாள் செனாயித். மூன்றாம் முறை போனால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று அங்கே நயமாகச் சொன்னார்கள். படிக்கு அடியில் இரண்டடி இடம். அது கிடைத்தால் வேலை இருக்கும்.

நவம்பர் நடுவில் மைனஸ் ஒன்பது வந்தது. விடிந்ததும் ஐசெலே முற்றத்துக்குப் போய்ப் போர்வையை விலக்கினார். அரளி இலைகள் வேகவைத்த கீரை நிறத்தில் தொங்கின. நகத்தால் பட்டையைச் சுரண்டினார். உள்ளே பழுப்பு. இன்னும் கீழே சுரண்டினார். அங்கேயும் பழுப்பு. போர்வையை மடித்து எடுத்துக்கொண்டு மேலே போனார். அன்று காலை உணவு சாப்பிட்டாரா என்று தெரியாது. மாலையில் வண்டி பிடிக்க வந்தார்.

அந்த வாரமே பாய்ர்லே மறுபடி அலுவலகத்துக்குத் தொலைபேசினார். குளிர்காலம் முடியும்வரை கொஞ்சம் கண்டும் காணாமல் இருக்க முடியுமா என்று கேட்டார். ஷ்டாய்ப் சொன்ன பதிலை பாய்ர்லேயே பிறகு, யாரையோ பற்றிப் பேசுவது போலச் சொன்னார். கண்ணால் பார்த்தாகிவிட்டது, இனிக் காணாமல் இருக்க முடியாது. குடியிருப்பவர்கள் எல்லோரும் ஒருமித்துக் கேட்டால், நடக்க வழி விட்டு வைக்க அனுமதிக்கலாம். எல்லோரும் என்றால் நான்காம் மாடியும்.

பாய்ர்லே நான்கு மாடி ஏறினார். நான் என் கதவருகே நின்று கேட்டேன், மற்றவர்களும் அப்படித்தான் நின்றிருப்பார்கள்.

"செடிங்க எல்லாம் சாகுது," என்றார். மூச்சு வாங்கியது.

"கேள்விப்பட்டேன் சார்."

"நீங்களும் சரின்னு சொன்னா திரும்ப வைக்கலாம்."

"வண்டி?"

"வண்டியும்தான். எல்லாத்தையும் சேர்த்துத்தான் கேக்கறோம்."

"எங்க நிக்கும்?"

எந்த வீட்டுத் தொலைக்காட்சியும் ஓடவில்லை.

"படிக்கு அடியில," என்றார் பாய்ர்லே. "வேற எங்க நிக்கும்?"

"அப்போ உங்க செடி?"

"இடம் இருக்கிற எடத்துல."

இடம் இருந்தது ஒன்றே ஒன்று. ஐசெலேயின் அரளி நின்ற மூன்றாம் மாடித் திருப்பம்.

அடுத்த சனிக்கிழமை எல்லாம் மறுபடி படியேறின. ஐசெலே பழையபடி இலைகளைத் திருப்பிப் பார்த்தார். பாய்ர்லேயின் அரளியைப் பார்த்துவிட்டு முற்றத்துக்கு அனுப்பினார். பாய்ர்லேயும் மனைவியும் குளிரில் நின்று ஒவ்வோர் இலையாகச் சோப்புத் தண்ணீரால் துடைத்தார்கள். பிறகு தூக்கினார்கள். மனைவி முதல் மாடியிலேயே கழன்றுகொண்டார். நான் ஒரு கை கொடுத்தேன்.

முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் நாங்கள் இருந்தபோது தெருக்கதவு திறந்தது. செனாயித் வேலை முடிந்து வந்தாள். வண்டியைப் படிக்கு அடியில் தள்ளினாள், சக்கரத்துக்குத் தடை போட்டாள், பிள்ளையைத் தூக்கினாள். அவனுடைய ஒரு காலுறையைக் காணவில்லை. தேடினாள். கிடைத்தது. ஏறத் தொடங்கினாள். தொட்டியோடு நாங்கள் இருவரும் சுவரோடு ஒட்டி நின்றோம். அரளிக் கிளை பாய்ர்லேயின் மூக்கில் உரசியது.

"அவசரமில்ல சார், முதல்ல நீங்க போங்க," என்றாள்.

"இல்ல, நீங்க போங்க," என்றார் பாய்ர்லே, பல்லைக் கடித்துக்கொண்டு. "கனமா இருக்கு."

மூன்றாம் மாடிக் கைப்பிடியிலிருந்து ஐசெலே எட்டிப் பார்த்தார்.

"மெதுவா வாங்க பாய்ர்லே சார். தீ ஒண்ணும் பிடிக்கல."

குழந்தை கடந்து போகும்போது ஒரு இலையைப் பறித்தது. செனாயித் உடனே அவன் கையை விரித்து அதைப் பிடுங்கி, விஷம் என்பதால், தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மேலே போனாள்.